ஓரம் தொட்ட முத்திரை

மொட்டைக் கடிதம் எழுதுகிறவனுக்கு அவசரம் இருக்கும், பயம் இருக்கும், நாக்கில் எச்சிலும் இருக்கும். உறையை நக்கி ஒட்டி, கண்ணில் பட்ட முதல் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுவான். கண்டக்டர் துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகு பார்த்த பதினேழு மொட்டைக் கடிதங்களும் அப்படித்தான் வந்திருந்தன. பதினெட்டாவது மட்டும் இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தது.

"பிரிக்கவே மனசு வரலைக்கா," என்றான். "என்னைத் திட்டி யாராவது இவ்வளவு லட்சணமா எழுதினா, கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருவேன்."

"உன்னைத் திட்டறவங்களுக்குக் கவர் வாங்கற அளவுக்குப் பொறுமை இருக்காது," என்றாள் வக்கீலம்மா.

வக்கீலம்மா வக்கீல் இல்லை. கோர்ட்டில் இருபத்திரண்டு வருஷம் சாட்சிகள் சொன்னதையெல்லாம் டைப் அடித்தவள். அதில் முக்கால்வாசி பொய் என்பது அடிக்கும்போதே அவளுக்குத் தெரியும். ஆனால் டைப்பிஸ்ட் வாய் திறக்கக் கூடாது. அந்த எரிச்சலில் வேலையை விட்டுவிட்டு, ஒரு சலவைக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. கண்டக்டர் மட்டும் நிஜக் கண்டக்டர். பத்தொன்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவனை, வாய்க்கொழுப்பு அதிகம் என்று எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வாயை வைத்துக்கொண்டு வேறெங்கும் வேலை கிடைக்காமல் இங்கே வந்து சேர்ந்தான்.

மேஜைக்கு எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தையல்காரி, வயது நாற்பத்து நாலு. கழுத்தில் இன்ச் டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். இன்னொருவர் அவளுடைய அண்ணன். டயர் கடை வைத்திருக்கிறார். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ரிஜிஸ்டர் கல்யாணம்," என்றார் அண்ணன். "இது சனிக்கிழமை என் பேருக்கு வந்துச்சு. படிங்க."

உள்ளே நாலே வரிதான். டைப் அடித்திருந்தது. மாப்பிள்ளை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வீட்டுக்குப் போகிறார். இருபத்தாறு வருஷமாகப் போகிறார். மத்தியானச் சாப்பாடு அங்கேதான். யார் வீடு என்று அவரையே கேட்டுவிட்டுப் பிறகு தங்கையைக் கொடுங்கள்.

"கேட்டீங்களா?" என்றாள் வக்கீலம்மா.

"கேட்டோம். அதை மட்டும் கேட்காதீங்கன்னு சொல்லிட்டாரு. அதுக்கு முன்னாடி என்ன செஞ்சாரு தெரியுமா? கவரைக் கையில வாங்கினாரு. லென்ஸை எடுத்தாரு. அஞ்சு நிமிஷம் ஸ்டாம்பையே பாத்தாரு. பாத்துட்டு, 'அடடா, சீலை ஓரத்துல குத்தி வீணாக்கிட்டாங்களே'ன்னாரு. என் தங்கச்சி வாழ்க்கை அங்கே வீணாப்போயிட்டிருக்கு, இவரு சீலுக்கு அழுவறாரு."

மாப்பிள்ளை ஐம்பத்து மூன்று வயதுக்காரர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தேதி தெளிவாக விழுந்த தபால் முத்திரைகளைச் சேர்ப்பது அவருடைய பைத்தியம். அண்ணனின் தீர்ப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது. இந்த உறையைப் பார்த்தாலே சேகரிக்கிறவன் கை தெரிகிறது, சேகரிக்கிறவன் ஊரில் இவன்தான், ஆகவே கடிதம் எழுதியவனும் இவன்தான். கல்யாணம் வேண்டாம் என்று நேராகச் சொல்லத் தைரியமில்லாமல் தன்னைப் பற்றித் தானே மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறான்.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இல்லைன்னு நிரூபிச்சா சரி. இல்லைன்னா நாளைக்கு நாங்க யாரும் ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கம் வரதா இல்ல. வா பாப்பா, போலாம்."

பாப்பா எழுந்திருக்கவில்லை. இன்ச் டேப்பின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தாள்.

"மேடம், ஊசிக் கண்ணு தெரியலைன்னு அவரு கடைக்குப் போனேன். எல்லாரும் சுவத்துல இருக்கிற எழுத்தைப் படிக்கச் சொல்வாங்க. அவரு ஒரு ஊசியும் நூலும் வாங்கிட்டு வந்து, 'உங்களுக்கு எழுத்து எதுக்கு, இதைக் கோத்துக் காட்டுங்க'ன்னாரு. அப்படித்தான் பழக்கம். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவரு எழுதினாரா, இல்லையா. எழுதினாருன்னா அழுதுட்டு நாளன்னிக்கு மெஷின்ல உக்காந்துருவேன். எழுதலைன்னா ஒரு கவருக்காக நான் அவரை விடறதா இல்ல."

அவர்கள் படியிறங்கிப் போன சத்தம் அடங்கும்வரை வக்கீலம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புத்தம்புதுத் தபால்தலை, கலங்கரை விளக்கத்தின் படம். முத்திரையும் சாதாரண முத்திரை இல்லை. அதிலும் கலங்கரை விளக்கம், சுற்றிலும் எழுத்து, கீழே போன வியாழக்கிழமைத் தேதி. புதுத் தபால்தலை வெளியாகும் நாளில் மட்டும் பெரிய போஸ்ட் ஆபீஸில் தனிக் கவுண்டர் வைத்துக் கையால் குத்தித் தருகிற சிறப்பு முத்திரை. உறை மடிப்பை ஒட்டவில்லை, உள்ளே செருகியிருந்தது. முத்திரை பிசகாமல் விழ வேண்டும் என்று உள்ளே ஒரு கெட்டி அட்டை வேறு.

"பசை போட்டா அம்பது வருஷத்துல மஞ்சளாயிரும். அதனால ஒட்டலை," என்றாள்.

"நல்லா இருக்கு. ஒரு குடும்பத்தைக் கெடுக்கிறவன், அம்பது வருஷம் கழிச்சும் கவரு வெள்ளையா இருக்கணும்னு பாத்திருக்கான்." கண்டக்டர் அட்டையை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தான். "அக்கா, கிராம்பு வாசனை வருது. எனக்குப் பசிக்குதா, நிஜமாவே வருதா?"

வக்கீலம்மா வாங்கி மோந்தாள். பதில் சொல்லாமல் கைப்பையை எடுத்தாள். அவள் பதில் சொல்லவில்லை என்றால் அவன் ஏதோ உருப்படியாகச் சொல்லிவிட்டான் என்று அர்த்தம். அவனுக்கு அது எது என்றுதான் எப்போதும் தெரியாது.

*

கண்ணாடிக் கடையில் நூற்றுக்கணக்கான மூக்குக் கண்ணாடிகள் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தன. கடைக்காரர் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் எழுதலை," என்றார். "அதுக்கு மேல ஒண்ணும் கேட்காதீங்க."

"கேட்கலை. உங்க ஆல்பத்தைக் காட்டுங்க," என்றாள் வக்கீலம்மா.

அதைக் கேட்டதும் மனிதர் முகம் கொஞ்சம் தெளிந்தது. கல்லாவுக்குக் கீழேயிருந்து தடிமனான ஆல்பம் ஒன்று வந்தது. ஒரு பக்கத்துக்கு ஆறு உறைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் தபால்தலையின் நட்ட நடுவே கறுப்பு வட்டம், வட்டத்துக்குள் தேதி, தேதியில் ஒரு புள்ளிகூடக் கலங்கவில்லை. ஜனவரி ஒன்றில் ஆரம்பித்து வரிசையாக ஓடியது.

"வருஷத்துல இருக்கிற முன்னூத்தி அறுபத்தாறு தேதியும் சேர்ந்தாச்சு," என்றார். "இப்ப ரெண்டாவது ரவுண்டு போயிட்டிருக்கு."

"ஸ்டாம்புல இருக்கிற இந்தக் கிளி மூஞ்சி பூரா மையாக் கிடக்கே சார்," என்றான் கண்டக்டர்.

"கிளியை யாரு பாத்தா? சீல் உக்கார ஒரு இடம் வேணும். ஸ்டாம்போட வேலை அவ்வளவுதான்."

வக்கீலம்மா மொட்டைக் கடித உறையை எடுத்துக் கல்லாமேல் வைத்தாள். அவர் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்கப் பாடுபடுகிறார் என்பது கண்டக்டருக்கே தெரிந்தது.

"இது யாரு கைன்னு உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"தெரியாது."

"நாளைக்குக் கல்யாணம் நின்னுபோகும். பரவாயில்லையா?"

அவர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், கல்லாமேல் கிடந்த வேறு யாருடையதையோ எடுத்து மாட்டிக்கொண்டார். "பரவாயில்லைன்னு யாரு சொன்னா?" என்றார்.

வெளியே வந்ததும் கண்டக்டர் கையைத் தட்டிக்கொண்டான். "முடிஞ்சுதுக்கா. ஆளு திருதிருன்னு முழிக்கிறாரு. பத்தொன்பது வருஷம் டிக்கெட் வாங்காம வந்தவனையெல்லாம் நான் மூஞ்சியை வெச்சே பிடிச்சிருக்கேன். இவரு டிக்கெட் வாங்கலை."

"டிக்கெட் வாங்காம பக்கத்துல உக்காந்திருக்கிறவனை மறைக்கிறவன் எப்படி முழிப்பான்?"

கண்டக்டர் யோசித்துப் பார்த்தான். "அதே மாதிரிதான் முழிப்பான்," என்றான்.

"போஸ்ட் ஆபீசுக்கு நட."

*

பெரிய போஸ்ட் ஆபீஸின் கடைசிக் கவுண்டரில் இருந்த அம்மாளின் வலது கட்டைவிரல் நிரந்தரமாகக் கறுப்பாக இருந்தது. அது அவளுக்குப் பெருமை என்பது பேசிய இரண்டு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. வக்கீலம்மா கண்ணாடிக்கு அப்பால் உறையை நீட்டினாள்.

"நான் அடிச்சதுதான்," என்றாள் முத்திரையம்மா. "வேற யாரு இப்படி அடிப்பா? ஓரத்துல இருக்கிற பல்லை மட்டும் தொட்டிருக்கு பாருங்க. ஒரு நூலு தள்ளினா ஸ்டாம்புல படாது, செல்லாது. ஒரு நூலு உள்ள வந்தா படம் கெட்டுப்போகும், அந்த ஆளு கவுண்டர்லயே நெஞ்சைப் பிடிச்சுக்குவாரு."

"எந்த ஆளு?"

"அன்னிக்கு முந்நூறு கவரு அடிச்சேன். எது யாருதுன்னு எப்படிச் சொல்ல? ஆனா ஒண்ணு சொல்றேன். இங்க வரவங்க ரெண்டே கட்சி. ஒண்ணு ஸ்டாம்பு கட்சி. படத்து மேல மை படக் கூடாது, சீலு ஓரத்தைத் தொட்டுட்டு ஒதுங்கிக்கணும். இன்னொண்ணு சீலு கட்சி. படம் எக்கேடு கெட்டாலும் சரி, வட்டம் முழுசா நடுவுல விழணும், தேதி பளிச்சுன்னு தெரியணும். ஒரு கட்சிக்காரன் இன்னொரு கட்சிக்காரனைப் பாத்தா, உருப்படாதவன்னு தலையில அடிச்சுக்குவான்."

"கண்ணாடிக் கடைக்காரர் எந்தக் கட்சி?"

"அவரு சீலு கட்சித் தலைவரு. அவரைப் போயி ஓரத்துல குத்தச் சொல்லச் சொல்லுங்க, பாப்போம். நாக்கு வராது."

கண்டக்டர் இடையில் புகுந்தான். "ஏம்மா, ஆளை ஏமாத்தறதுக்காக வேணும்னே மாத்திக் குத்தச் சொல்லியிருக்கலாமே?"

முத்திரையம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க சட்டையை உள்பக்கம் வெளியில தெரியற மாதிரி மாட்டிக்கிட்டு ஊரைச் சுத்தி வருவீங்களா, ஆளை ஏமாத்தறதுக்காக?"

வக்கீலம்மாவின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. மாப்பிள்ளை சீல் வீணானதற்கு அங்கலாய்த்தாரே, அதுவே அவருக்குச் சாட்சி என்பது இப்போது கண்டக்டருக்கும் உறைத்தது. தானே குத்தச் சொன்ன முத்திரைக்கு எவனும் 'அடடா' சொல்ல மாட்டான். அப்படியானால் இன்னொருவன் இருக்கிறான். ஊரில் சேகரிக்கிறவர் கண்ணாடிக்காரர் ஒருத்தர் மட்டும் இல்லை.

"கண்ணாடிக்காரர் தனியாவா வருவாரு?" என்றாள் வக்கீலம்மா.

"எங்க தனியா? எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேரா வந்துதான் என் உயிரை வாங்குவாங்க. இவரு நடுவுல போடும்பாரு, அவரு ஓரத்துல போடும்பாரு, நடுவுல நான். அந்த இன்னொருத்தர் பேரு தெரியாது. குனிஞ்சு வேலை பாக்கிறவளுக்குக் கைதான் தெரியும். நகத்தை ஒட்ட வெட்டி, நாளைக்கு நாப்பது தடவை சோப்பு போட்டுக் கழுவின கை. இந்தத் தடவைதான் அதிசயம். ரெண்டு பேரும் தனித்தனியா வந்தாங்க. சண்டை போலிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்."

வாசற்படியில் வக்கீலம்மா நின்றாள். "அந்த அட்டையை மறுபடி மோந்து பாரு."

"கிராம்பு."

"கிராம்பு எண்ணெயை எங்க வெப்பாங்க?"

"சொத்தைப் பல்லுல…" கண்டக்டர் வாயை மூடிக்கொண்டான். நாற்பது தடவை கழுவின கை. கண்டுபிடித்த சந்தோஷம் வரவில்லை, அடுத்து தன்னை எங்கே உட்கார வைக்கப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

"ஊர்ல பல் டாக்டர் மூணு பேரு," என்றாள் வக்கீலம்மா. "முதல் ஆளு ஒரு அம்மா. போன வருஷம்தான் மாத்தலாகி வந்தாங்க. ரெண்டாவது ஆளுக்கு இருபத்தெட்டு வயசு. கூட வர்றவரு வீட்டுலதான் ஞாயித்துக்கிழமை சாப்பாடும் இருக்கும். இருபத்தாறு வருஷமா அதைப் போடணும்னா ரெண்டு வயசுல ஆரம்பிச்சிருக்கணும்."

"எனக்கு எந்தப் பல்லும் வலிக்கலைக்கா."

"உள்ள போனா வலிக்கும்."

*

மூன்றாவது டாக்டர் ஐம்பத்தெட்டு வயது ஒண்டிக்கட்டை. மருத்துவமனை முன்னறையில், வீடு பின்னால். கண்டக்டரைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, விளக்கைத் திருப்பி, வாயைத் திறக்கச் சொன்னார். மென்மையான ஆள்தான். கண்டக்டரின் கடைவாய்ப் பல்லைக்கூட ஏதோ விலையுயர்ந்த பொருள் மாதிரி தொட்டார்.

"கீழ ஒண்ணு சொத்தை. எவ்வளவு நாளா வலி?"

கண்டக்டருக்குப் பகீரென்றது. பொய் சொல்ல வந்த இடத்தில் நிஜமாகவே சொத்தை. வாய்க்குள் கண்ணாடியும் கொக்கியும் பஞ்சும் இருந்ததால் அவனால் "ஆங்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியவில்லை. வாழ்க்கையில் அவன் வாய் திறந்தும் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வக்கீலம்மா கைப்பையைக் குடைந்தாள். கர்ச்சீப், சாவி, பஸ் டிக்கெட் என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். நடுவில் அந்த உறையையும் எடுத்து, வாய் கொப்பளிக்கும் தொட்டியின் விளிம்பில் போட்டாள். தொட்டியில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது.

டாக்டரின் கை நின்றது. "அதை அங்க வைக்காதீங்கம்மா. ஈரம் படும்."

"பழைய கவருதானே டாக்டர். ஸ்டாம்பு அழகா இருக்கு. கிழிச்சு எடுத்துக்கலாம்னு பாக்கிறேன்." வக்கீலம்மா உறையின் மூலையை இரண்டு விரலால் பிடித்தாள்.

"கிழிக்காதீங்க."

கொக்கி தட்டில் விழுந்தது. கண்டக்டரின் வாயில் பஞ்சை அப்படியே விட்டுவிட்டு டாக்டர் மேஜை இழுப்பறையைத் திறந்தார், தட்டை முனை இடுக்கி ஒன்றை எடுத்தார், வக்கீலம்மாவின் விரல்களுக்கிடையிலிருந்து உறையை மெல்ல உருவினார். விளக்குக்கு நேரே பிடித்து, ஒரு சொட்டு ஈரம் பட்டிருந்த மூலையை ஒற்றுத்தாளால் ஒற்றினார். பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது.

"டயர் கடைக்காரர் கையில தூக்கிட்டு வந்தாரு. நாங்க விரலைப் போட்டோம். கேஸ்ல சம்பந்தப்பட்டவங்கள்ல இடுக்கியால எடுத்த முதல் ஆளு நீங்கதான்," என்றாள் வக்கீலம்மா. "ஒரு விஷயம் மட்டும் புரியலை. எழுதினதுதான் எழுதினீங்க, சாதாரணப் பெட்டில போட்டிருக்கலாமே?"

டாக்டர் மறுக்கவில்லை.

"பெட்டில போடத்தான் எடுத்துட்டுப் போனேன்," என்றார். "புது ஸ்டாம்பு. முதல் நாள். பெட்டில போட்டா மெஷின் சீலு. படத்துக்குக் குறுக்கே அலை அலையாக் கோடு போட்டு நாசம் பண்ணிரும். மனசு வரலை. மத்த கவரோட சேர்த்துக் கவுண்டர்ல நீட்டிட்டேன்." பிறகு தலையை நிமிர்த்தினார். "நான் எழுதினதுல ஒரு பொய்யும் இல்ல. அவன் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போறான். இருபத்தாறு வருஷமாப் போறான். சாப்பிடறான். எல்லாம் உண்மை."

"யாரு வீட்டுக்கு?"

"இந்த வீட்டுக்கு."

பின்கதவு திறந்திருந்தது. கண்டக்டர் படுத்த இடத்திலிருந்தே பார்த்தான். நீள மேஜை ஒன்று, எதிரெதிரே இரண்டு நாற்காலி, இரண்டு விளக்கு, இரண்டு லென்ஸ். சுவர் முழுக்க ஆல்பங்கள். வேறு யாரும் உட்கார அந்த அறையில் இடமே இல்லை.

"வீட்டுக்காரி வந்துட்டா ஞாயித்துக்கிழமை எங்க வருவான்?" என்றார் டாக்டர். "சொந்தக்காரங்க வீடு, சினிமா, கடைத்தெருன்னு போயிருவான். சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டான். வரமாட்டேன்னுட்டேன். அவனை நாலு வார்த்தை திட்டினேன். அன்னிலேர்ந்து பேச்சில்லை. கல்யாணம் நின்னா கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவான், அப்புறம் வழக்கம்போல வந்துருவான்னு நினைச்சேன். நான்தான் எழுதினேன்னு அவனுக்குத் தெரியவா போகுது?"

"அவருக்குச் சனிக்கிழமையே தெரியும்," என்றாள் வக்கீலம்மா.

"எப்படி?"

"கவரைப் பாத்தாரு. ஓரத்துல குத்திட்டாங்களேன்னாரு. இருபத்தாறு வருஷமா உங்ககூடச் சண்டை போட்ட விஷயமாச்சே, தெரியாமப் போகுமா?"

"தெரிஞ்சா நேரா வந்து என்னை உதைச்சிருப்பானே."

"யாரு வீடுன்னு அவங்க கேட்டாங்க. உங்க பேரைச் சொல்லியிருந்தா அவருக்கு ஒரு குத்தமும் இல்ல, கல்யாணம் நடந்திருக்கும். ஆனா இந்த வீட்டுப் பேரைச் சொன்னா எழுதினது யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். அதனால வாயைத் திறக்கலை. நாலு நாளாத் திறக்கலை. நாளைக்கு அந்தம்மா வேண்டாம்னு சொன்னாலும் திறக்கப் போறதில்லை."

டாக்டர் உட்கார இடம் தேடினார். நாற்காலியில் கண்டக்டர் இருந்தான். கருவிகள் வைக்கும் சின்ன மேஜையின் விளிம்பிலேயே உட்கார்ந்தார். இடுக்கியில் பிடித்திருந்த உறையை ஒற்றுத்தாள்மேல் வைத்தார்.

அந்த நேரத்தில் சொல்லலாம் என்று கண்டக்டருக்கு மூன்று நகைச்சுவை தோன்றியது. வாயில் பஞ்சு இருந்தது நல்லதாகப் போயிற்று.

*

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தையல்கடையில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார ஒரே ஒரு ஸ்டூல்தான், அதில் தைத்து முடித்த பள்ளிச் சீருடைகள் அடுக்கியிருந்தன. அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். டாக்டர் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து, சொல்ல வேண்டியதை ஒன்று விடாமல் சொன்னார். எழுதினது நான், காரணம் இது, அவன் மேல் தப்பில்லை. சொல்லி முடித்ததும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மாப்பிள்ளைதான் முதலில் வாய் திறந்தார். "யாரு உன்னை வரச் சொன்னா?" என்று டாக்டரைக் கேட்டார். "நான்தான் ஒண்ணும் சொல்லாம சமாளிச்சிட்டிருந்தேன்ல?"

"சமாளிச்ச லட்சணம்தான் தெரியுதே," என்றார் அண்ணன். ஆனால் குரலில் பழைய காரம் இல்லை. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும், சீருடைகளைப் பார்த்துப் பேசினார்.

தையல்காரி அண்ணனையும் டாக்டரையும் விட்டுவிட்டு மாப்பிள்ளையை மட்டும் பார்த்தாள்.

"நாலு நாளு," என்றாள். "நாலு நாளா நான் ஊசியில நூல் கோக்கலை. நீங்களா எழுதினீங்கன்னு நினைச்சு நினைச்சு செத்துட்டேன். என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம். நான் போனாலும் பரவாயில்லை, அவரு பேரு வெளிய வரக் கூடாது. அப்படித்தானே?"

"அப்படி இல்ல."

"வேற எப்படி?"

மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடியைக் கழற்றப் போனார், வேண்டாம் என்று கையை இறக்கினார். "நீங்க போயிட்டா எனக்குத் தாங்காது," என்றார். "தாங்காம, ஞாயித்துக்கிழமை இவன் வீட்டுக்குப் போயி, இந்த மாதிரி ஆயிருச்சுடான்னு சொல்லி அழுதிருப்பேன். இவன் பேரைச் சொல்லி, நானும் இவனை விட்டுட்டா, இவன் யாருகிட்ட போயி அழுவான்? இவனுக்கு என்னை விட்டா ஆளே கிடையாதுங்க. அதுக்காக உங்களை நாலு நாளு அழவிட்டது தப்பு. பெரிய தப்பு."

டாக்டர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கண்டக்டர் தொண்டையைச் செருமினான். ஏதாவது சொல்லிவிடப்போகிறான் என்று வக்கீலம்மா அவன் காலை மிதித்தாள். அவன் சொல்வதாக இல்லை. சொத்தைப் பல்லை நாக்கால் தடவிக்கொண்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

தையல்காரி ஸ்டூலிலிருந்த சீருடைகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். காலியான ஸ்டூலை டாக்டர் பக்கம் காலால் நகர்த்தினாள்.

"அண்ணே, எத்தனை சாட்சி வேணும்னு சொன்னாங்க?"

"மூணு," என்றார் அண்ணன். "நான் ஒண்ணு, அண்ணி ஒண்ணு. உன் கடையில காஜா எடுக்கிற பொண்ணை மூணாவதாக் கூட்டிட்டுப் போலாம்னு இருந்தோம்."

"அவ வேண்டாம்," என்றாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நீங்க வரணும்."

"நானா?"

"உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. அதுக்கெல்லாம் நாளாகும். ஆனா என் கல்யாணத்தைப் பத்தி ஒரு தடவை பேர் போடாம எழுதிட்டீங்க. நாளைக்கு என் கண்ணு முன்னால நின்னு, உங்க பேரு, உங்க அப்பா பேரு, வீட்டு விலாசம் எல்லாம் முழுசா எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஞாயித்துக்கிழமை அவரு எங்க போறாருன்னு அதுக்கப்புறம் நான் யாரையும் கேட்க மாட்டேன்."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கோட்டுப் பையைத் தடவினார். ஒரு பேனா இருந்தது, எடுத்துப் பார்த்தார்.

"நீல மையா, கறுப்பு மையா?" என்று கேட்டார்.

"எதுவா இருந்தாலும் சரி," என்றாள் தையல்காரி. "அழியக் கூடாது."